ரெஃப்ரியின் மச்சான்

பந்தாட்டத்தில் எனக்கு இருந்த ஒரே திறமை வாய். கால்களைப் பற்றிப் பேசாமல் விடுவதுதான் அவற்றுக்கு நான் செய்யும் மரியாதை. பினாங்குக்கு ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் எங்கள் தமிழ்க் குழுவில் ஒரே ஒரு முறை என்னைக் கோல் காக்க நிறுத்தினார்கள். இடைவேளை வரை கூடக் காத்திருக்காமல் குழுத் தலைவர் என்னை வெளியே கூப்பிட்டார். "தம்பி, நீ நிக்கிற எடத்துல ஒரு நாற்காலியப் போட்டுட்டுப் போ. நாற்காலி மேல பட்டாவது பந்து திரும்பி வரும்" என்றார்.

நாற்காலியிடம் வேலையை இழந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கோட்டுக்கு வெளியே வந்து நின்றபோது எனக்குப் பின்னால் ஆறேழு வரிசை ஜனம். கடைசி வரிசைக்காரர்களுக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. "என்னாச்சு? யாரு அடிச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சொன்னேன். சொன்னதோடு விட்டேனா, நம்முடைய சரக்கையும் கொஞ்சம் சேர்த்தேன். சிரித்தார்கள். அடுத்த வாரம் யாரோ மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிக் கூம்பாக வளைத்து என் கையில் கொடுத்தார்கள். அவ்வளவுதான், நான் வர்ணனையாளன் ஆகிவிட்டேன்.

போகப் போக ஒரு விஷயம் பிடிபட்டது. ஆட்டம் கண்ணுக்கு எட்டாத பின்வரிசைக்காரர்கள் என்னை நம்பியது பெரிதல்ல. முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவர்களும் ஒவ்வொரு விசிலுக்கும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள், தாங்கள் பார்த்தது என்ன என்று தெரிந்துகொள்ள! ஒருநாள் கோல் கம்பத்துக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்த ஒரு மனிதர், பந்து கோட்டைத் தாண்டியதைத் தன் கண்ணால் பார்த்தவர், நான் தகரத்தில் "தாண்டல!" என்று கத்தியதும் எழுந்து நின்று ரெஃப்ரியைப் பார்த்துக் கையை நீட்டிச் சண்டைக்குப் போனார். ஆட்டம் முடிந்து அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதைக் காதால் கேட்டேன்: "நான்தான் பக்கத்துலயே இருந்தேனே, தாண்டவே இல்ல லா!"

இதில் பொய் சொல்ல வேண்டிய அவசியம் கூட இல்லை. நேரம்தான் சூத்திரம். இருவர் மோதும்போது விசிலுக்கு முன்னால் நான் "ஐயோ!" என்று கூவிவிட்டால், அது ஃபவுல், பின்னால் வரும் விசில் நியாயமான விசில். அதே மோதலுக்கு நான் வாயை மூடிக்கொண்டு நின்று, விசில் திடீரென்று வந்தால், ரெஃப்ரி திருடன். இரண்டு நொடி மௌனத்தில் ஒரு மனிதனைத் திருடனாக்கலாம். நான் நிறையப் பேரை ஆக்கியிருக்கிறேன்.

பிறகு யுத்தம் வந்தது, குண்டு விழுந்தது, ஆட்டம் நின்றது. கொஞ்ச நாள் கழித்து, ஊர் சந்தோஷமாக இருக்கிறது என்று காட்டுவதற்காகப் புதிய துரைமார்களான ஜப்பான்காரர்களே கடலோரப் பாடாங் திடலில் ஆட்டத்தை மறுபடி தொடங்கி வைத்தார்கள். ஜனம் முன்னைவிட அதிகமாக வந்தது. காரணம் பந்து அல்ல. அந்த நாளில் அரிசியைப் பற்றி முணுமுணுக்க முடியாது. ரேடியோவைப் பற்றி மூச்சு விட முடியாது. முச்சந்தியில் காவல் நிற்கும் சிப்பாய்க்குக் குனிந்த குனிவு போதவில்லை என்றாலே கன்னம் பழுக்கும். வாய்விட்டுத் திட்ட அனுமதி இருந்த ஒரே அதிகாரி ரெஃப்ரிதான். வாரமெல்லாம் மரவள்ளிக் கிழங்கோடு சேர்த்து விழுங்கிய கோபத்தை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விசில் வைத்திருப்பவன் தலையில் கொட்டினார்கள். எப்போது கொட்ட வேண்டும் என்று அடையாளம் காட்டுவது என் தொழில்.

விசில் வைத்திருந்தவர் என் அத்தான். அக்காவின் புருஷன்.

துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து வேலைக்காக இங்கே வந்தவர். நானும் அக்காவும் அதே வழி வந்த குடும்பம்தான் என்றாலும் பினாங்குத் தெருவில் வளர்ந்த எங்கள் பேச்சைக் கேட்டால் அவருக்குக் காது வலிக்கும். என்னை 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் வெள்ளைக்காரனிடம் கற்ற 'ஐசே' சேரும். பந்தாட்ட விதிகளை மந்திரம் போலப் பாராயணம் செய்வார். அவருடைய சட்டையில் ஒட்டு இருக்கும், ஒட்டில் மடிப்புக் கலைந்திருக்காது.

"ஐசே, நீர் சொல்லித்தான் எனக்குச் சனம் கல் எறியுது" என்பார் சாப்பாட்டில்.

"கல்லா? கிழங்குத் தோல்தான எறிஞ்சாங்க அத்தான்."

"தோல் எறியிறவனுக்குக் கல் எறியத் தெரியாதோ?"

இப்படி வாராவாரம் போய்க்கொண்டிருந்த எங்கள் சண்டையில் ஒரு வெள்ளிக்கிழமை திடீரென்று சிரிப்பு வற்றிப் போனது. ஜப்பானியக் காவல்படையின் குழுவுக்கும் ஊர்க் குழுவுக்கும் ஞாயிறு ஆட்டம். பெரிய அதிகாரிகள் வருவார்கள். வழக்கமாக அந்த மாதிரி ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். நிஜக் காய்ச்சலா என்று நான் விசாரிக்கவில்லை. அலுவலகத்தில் கூப்பிட்டு அத்தானிடம், நீ ஊது என்று சொல்லிவிட்டார்கள்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இதுதான் இருந்தது: அத்தானின் அலுவலகத்திலிருந்து அந்த மாதம் இரண்டு கிராணிகளைச் சயாமில் போடும் ரயில் பாதைக்கு அனுப்பியிருந்தார்கள். தோட்டத்து ஆட்களைத்தான் லாரி லாரியாகக் கொண்டுபோனார்கள், கிராணிமாரைத் தொட மாட்டார்கள் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த ஆறுதல் அத்தோடு போனது. அந்த இருவரும் செய்த குற்றம் என்ன? ஒருவர் மேலதிகாரியின் கணக்கில் ஒரு தப்பைச் சுட்டிக்காட்டினார். இன்னொருவர் அப்போது பக்கத்தில் நின்றார். போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. மற்றவர் தப்பைச் சுட்டிக்காட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரை இப்போது காவல்படை அதிகாரிகள் ஆடும் திடலுக்கு நடுவே நிறுத்துகிறார்கள்.

அக்கா என்னைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனாள். "தம்பி, அவரு பாத்ததைப் பாத்தபடிதான் ஊதுவாரு. அவரை மாத்த முடியாது. நீதான் பாத்துக்கணும். ஒன் வாயால அவரு சயாம் போனாரு, அப்புறம் நான் ஒனக்குச் சோறு போட மாட்டேன்."

"இப்ப எங்க சோறு போடுற? கிழங்குதான."

நான் சொன்ன பகடிக்கு அக்கா சிரிக்காதது அதுவே முதல் தடவை.

ஞாயிறன்று கடிகாரம் புது உத்தரவுப்படி தோக்கியோ நேரத்தைக் காட்ட, வெயில் பினாங்கு நேரப்படி காய்ந்தது. திடலில் கால் வைக்க இடமில்லை. கடல் சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், மரக்கிளைகளில் தொங்கினார்கள். பந்தலில் அதிகாரிகள். என் தகரக் கூம்புக்கு ஓய்வு. பிரசாரத்துக்கு வைத்திருந்த ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். எனக்கு ஒரு மேசை. அதன் மேல் ஏறி நின்று முதலில் தமிழில், பிறகு கடைத்தெருவில் எல்லோரும் பேசும் பசார் மலாயில் சொல்ல வேண்டும். மேசைக்குப் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர், தைவானிலிருந்து படையோடு வந்தவர். அவருக்கு மலாய் அரைகுறை, தமிழ் சுத்தமாகத் தெரியாது. சீனர்கள் பேசும் ஹொக்கியன் தெரியும். தெருவில் வளர்ந்த எனக்கும் தெரியும்.

"தமிழில் என்ன சொன்னாய் என்று ஒவ்வொரு முறையும் எனக்குச் சொல்" என்றார் ஹொக்கியனில், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. "நான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்." அவருக்கும் பயம் என்பது அந்தக் கைக்குட்டையில் தெரிந்தது.

ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் திசை என்று எல்லோரும் கிழக்கே திரும்பிக் குனிந்தோம். நிமிர்ந்ததும் அத்தான் மேசையடிக்கு வந்தார்.

"ஐசே, இண்டைக்கு உம்மட பகிடி ஒண்டும் வேண்டாம்."

"நீங்க விசில் ஊதாம இருங்க, நான் பகடி விடாம இருக்கேன்."

"விசில் ஊதாமல் என்னெண்டு ரெஃப்ரி ஆகிறது?" என்று கேட்டுவிட்டுத் திடலுக்குள் போனார்.

முதல் பாதியில் நான் வர்ணித்ததைக் கேட்டால் எனக்கே தூக்கம் வரும். பந்து இங்கே போகிறது, பந்து அங்கே போகிறது. ஊர்ப் பையன்கள் காவல்படைக்காரர்களை இடிக்கப் பயந்து கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர்கள் போல் ஒதுங்கி ஒதுங்கி ஓடினார்கள். என் மேசைக்கு நேர் கீழே துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒரு அண்ணன், எப்போதும் என் பகடிக்கு முதலில் சிரித்து மற்றவர்களைத் தொடங்கி வைக்கிறவர், பொறுமை இழந்து நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா தம்பி, இன்னிக்கு வாய்க்குப் பூட்டா? ரெஃப்ரியப் பத்தி ஒன்னாச்சும் சொல்லு லா!"

"ரெஃப்ரி நல்லா ஊதுறாருண்ணே."

"அடப்பாவி, ஒனக்கு ஒடம்பு சரியில்லையா?"

காவல்படைக் குழுவின் நடு ஆட்டக்காரர் ஓர் அதிகாரி. அகன்ற தாடை, கட்டை உடம்பு. ஒன்றைச் சொல்ல வேண்டும்: மனுஷர் நன்றாக ஆடினார். யாரும் விட்டுக்கொடுக்காமலே ஒரு கோல் போட்டார். ஊர்க் குழுவில் ஒரு பையன், பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு உதைத்திருப்பான் என்று நினைக்கிறேன், அதைச் சமன் செய்தான். ஒன்றுக்கு ஒன்று. ஜனம் கத்த ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டது. அப்படி ஒரு சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை, வெந்நீர்ப் பானையைச் சட்டென்று மூடியது போல்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கையில் மூலையிலிருந்து பந்து உயரமாக வந்தது. கோல் வாசலில் ஒரே கூட்டம். அந்த அதிகாரி எழும்பினார். அவர் தலை பந்துக்கு எட்டவில்லை. கை எட்டியது. திடலில் பாதிப் பேராவது பார்த்திருப்பார்கள். முழங்கைக்குக் கீழே பட்டு, பந்து வலைக்குள் போனது. பந்தலில் அதிகாரிகள் எழுந்து நின்றார்கள்.

விசில்.

அத்தான் கோலைக் காட்டவில்லை. கையை வெளிப்பக்கமாக நீட்டினார். கோல் இல்லை. ஊர்க் குழுவுக்கு ஃப்ரீ கிக்.

விசிலுக்கு முன்னால் நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. திருடனை உண்டாக்கும் அந்த மௌனம் என்னையறியாமலே நடந்து முடிந்திருந்தது. ஆயிரம் பேருக்கு மேல் திரும்பி மேசை மேல் நிற்கும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அந்த அதிகாரி அத்தானை நோக்கி நடக்கத் தொடங்கினார். ஓடவில்லை. ஓடியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. கையை இரண்டு பக்கமும் விறைப்பாக வைத்துக்கொண்டு, அளந்து, நடந்தார். அத்தான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. நீட்டிய கையையும் இறக்கவில்லை. இறக்கித் தொலையுங்கள் அத்தான் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

என்ன சொல்வது? 'கையில் பட்டது' என்று உள்ளதைச் சொன்னால், கீழே நிற்கும் துறைமுகத்து அண்ணன் முதலில் சிரிப்பார். அவர் சிரித்தால் திடல் சிரிக்கும். யுத்தத்தில் தோற்ற ஊர் ஒன்றாகச் சேர்ந்து ஓர் அதிகாரியைப் பார்த்துச் சிரிக்கும்; அந்தச் சிரிப்புக்கு உரிய விலையை அத்தானிடம் வசூலிப்பார்கள். 'கோல்தான், ரெஃப்ரி தப்பு' என்று சொன்னால் ஜனம் வழக்கம் போல அத்தானைத் திட்டும். ஊரே சொல்கிறது இவன் வேண்டுமென்றே மறுத்தான் என்று. அதற்கும் ரயில் சயாமுக்குத்தான். சும்மா இருந்தாலோ, யாராவது ஒருவன் "கை!" என்று தொடங்குவான். இதோ கீழே அண்ணனின் உதடு ஏற்கெனவே ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்துவிட்டது. என் வாழ்நாளில் ஒரு மனிதர் சிரித்துவிடுவாரோ என்று நான் நடுங்கியது அப்போதுதான்.

மொழிபெயர்ப்பாளர் என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தார். "சொல், சொல், எல்லோரும் காத்திருக்கிறார்கள்."

அதிகாரி பாதி தூரம் வந்துவிட்டார். அவர் ஏன் நடக்கிறார் என்று திடலில் எவருக்கும் இன்னும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்னால்தான் தெரியும்.

"மக்களே!" என்றேன். குரல் ஆட்டுக்குட்டி போல் வந்தது. மறுபடி தொடங்கினேன். "மக்களே, பந்து தெரியாத்தனமாக் கையில பட்டிருக்கு. அதை யாரும் பாக்கல! ஆனா பாருங்க, அதிகாரி அவர்கள் தானே நடந்து வர்றாரு. என் கையில பட்டது, இந்தக் கோல் எனக்கு வேணாம்னு ரெஃப்ரிகிட்டச் சொல்றதுக்காக வர்றாரு! இந்த மாதிரி ஒரு ஆட்டக்காரரை நாம பாத்திருக்கோமா? கை தட்டுங்க!"

மூச்சு வாங்காமல் அதையே மலாயில் சொன்னேன். குனிந்து ஹொக்கியனில் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் கைக்குட்டையை மறந்து பந்தலுக்கு ஓடினார்.

பிறகு துறைமுகத்து அண்ணனின் இழுத்த உதடு இறங்கியது. முகத்தில் நிஜமாகவே ஒரு மரியாதை வந்தது. "அட, பரவால்லையே!" என்று அந்தப் பெரிய கைகளை அடித்தார். கடல் சுவர் தட்டியது, மரங்கள் தட்டின. கையில் பட்டதைத் தன் கண்ணால் பார்த்தவர்கள் எல்லாம், அதிகாரியின் முகத்தில் நாணயத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பந்தலில் ஆக மூத்த அதிகாரி இரண்டு விரலால் இன்னொரு உள்ளங்கையில் தட்டுவதைக் கண்டேன்.

அதிகாரி நின்றுவிட்டார். சுற்றிலும் பார்த்தார். எதற்கு இந்தக் கைதட்டல் என்று அவருக்கு விளங்கவில்லை. பந்தலைப் பார்த்தார், அங்கிருந்து யாரோ ஏதோ கூவினார்கள். அதைக் கேட்டதும் அவருடைய தாடை இன்னும் கொஞ்சம் அகன்றது. அத்தானுக்கு மூன்று அடி முன்னால் நின்று, விறைப்பாக, இடுப்பிலிருந்து ஒரு குனிவு குனிந்தார். அத்தானும் கையை இறக்கிவிட்டுக் குனிந்தார். ஃப்ரீ கிக் எடுத்தார்கள்.

தப்பித்தோம் என்று நான் நெற்றியைத் துடைத்தபோதுதான் இன்னொரு சத்தம் கேட்டது.

"ரெஃப்ரி தூங்கிட்டான் லா! தொரை சொல்லித்தான் தெரியுது அவனுக்கு!" துறைமுகத்து அண்ணன்தான். அவரைத் தொடர்ந்து பத்துப் பேர், நூறு பேர். "தொரைக்கு இருக்கிற நியாயம் ஒனக்கு இல்லையா?" மீதி இருந்த நேரம் முழுக்க அத்தானைத் திட்டினார்கள். அந்தத் திடலில் அந்த நாளில் பயமில்லாமல் கண்ணைத் திறந்து பார்த்து, பார்த்ததைச் சொன்ன ஒரே மனிதரைக் குருடன் என்றார்கள். அத்தான் ஓடியபடியே ஒரு முறை என் மேசைப் பக்கம் பார்த்தார். நான் பந்து எங்கே போகிறது என்று மும்முரமாக வர்ணித்தேன். பந்து அப்போது வெளியே கிடந்தது.

ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது. ஜனம் கலையத் தொடங்கியபோது மொழிபெயர்ப்பாளர் வந்தார். கைக்குட்டை கையில் கசங்கியிருந்தது. "அதிகாரி கூப்பிடுகிறார். உன்னையும் ரெஃப்ரியையும்."

பந்தலுக்குப் பின்னால் அதிகாரி துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் குனிந்தோம். அவர் மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் என்னிடம் ஹொக்கியனில் கேட்டார். அத்தானுக்கு ஹொக்கியன் தெரியாது. ஆகவே நான் தமிழில் கேட்க வேண்டும். ஒரு கேள்வி மூன்று மொழி கடந்து வந்து சேர்ந்தது.

"அத்தான், பந்து அவரு கையில பட்டதை நீங்க பாத்தீங்களான்னு கேக்குறாரு." கேட்டுவிட்டு அதே குரலில், அதே மரியாதையான முகத்தோடு, "பாக்கலன்னு சொல்லுங்க. என்ன சொன்னாலும் நான் பாக்கலன்னுதான் சொல்லப் போறேன்" என்று சேர்த்தேன். சுற்றி நின்றவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள் நான்.

அத்தான் என்னை ஒரு கணம் பார்த்தார். மச்சானை அவருக்குத் தெரியாதா? வாயே திறக்கவில்லை. வலது கையால் தன் இடது முழங்கைக்குக் கீழே, பந்து பட்ட அதே இடத்தில், இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு ஒரு விரலைத் தன் கண்ணுக்கு நேரே வைத்துக் காட்டினார். திடல் நடுவில் ஃப்ரீ கிக் காட்டுவது போல் அத்தனை தெளிவாக.

இத்தனை மொழி தெரிந்து எனக்கு என்ன பயன்? அதில் மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை.

அதிகாரி துண்டைப் பக்கத்தில் வைத்தார். அத்தானுக்கு முன்னால் வந்து நின்றார். பின்பக்கம் கடல் அடிக்கும் சத்தம் கேட்டது. நான் அக்காவின் முகத்தை நினைத்தேன். பிறகு அவர் அத்தானைக் காட்டி மொழிபெயர்ப்பாளரிடம் இரண்டு மூன்று வார்த்தை சொன்னார். மொழிபெயர்ப்பாளர் பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"இவர் பெயரைக் கேள். எழுதிக்கொள்ளச் சொல்கிறார்."

அலுவலகத்தில் அந்த இரண்டு பேருக்கும் அப்படித்தான் தொடங்கியது. "எதற்கு?" என்று எப்படியோ கேட்டேன். அந்தக் காலத்தில் கேட்கக் கூடாத கேள்வி அது.

"காவல்படை ஆட்டத்துக்கெல்லாம் இனி இவர்தான் ஊத வேண்டும். இவர் வேறெங்கும் போகக் கூடாது என்று இவருடைய அலுவலகத்துக்குச் சொல்லப் போகிறார்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். அத்தான் தலையை மட்டும் ஆட்டினார்.

அதிகாரி இப்போது என் பக்கம் திரும்பினார். கொஞ்சம் நீளமாகவே பேசினார். மொழிபெயர்ப்பாளர் தரையைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொன்னார். பழக்கதோஷம், நான் அத்தானுக்குச் சொன்னேன்.

"அவரு ஒங்ககிட்டச் சொல்றதுக்காக நடந்து வரலையாம். ஒங்களை அறையத்தான் வந்தாராம்."

"ம்."

"சரியாப் பாத்தவரை அறையாமப் போனது நல்லதாப் போச்சாம். ஆனா அவரு சொல்லாததை இத்தனை பேருக்கு முன்னால சொன்னதா ஒருத்தன் சொல்லிட்டானாம்."

"சரிதானே."

"நேரா நிக்கணுமாம்."

"ஆர்?"

"நான்தான் அத்தான்."

முதல் அறையில் என் தொப்பி போனது. இரண்டாவதில் தொப்பி எங்கே போனது என்கிற நினைவே போனது. குனிந்து நன்றி சொன்னேன், அதுதான் முறை. மொழிபெயர்ப்பாளர் தன் கைக்குட்டையை என்னிடம் நீட்டிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்து, திரும்ப வாங்கிக்கொண்டார்.

கடற்கரைச் சாலை வழியாக வீட்டுக்கு நடந்தோம். நான் அறை வாங்கியதைத் தூரத்திலிருந்து சிலர் பார்த்திருக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் போன கூட்டத்தில் துறைமுகத்து அண்ணன் கையை வீசி வீசி விளக்கிக்கொண்டிருந்தார்.

"நம்ம தம்பி தொரையப் பத்தி அவ்ளோ ஒசத்தியாச் சொன்னான். அந்தக் கபோதி ரெஃப்ரி போயி எதையோ கோள் மூட்டி, தம்பிக்கு அடி வாங்கி வச்சிட்டான் லா!"

அத்தான் அதைக் கேட்டார். நடையை நிறுத்தவில்லை. "நான் போய்ச் சொல்லட்டுமா அத்தான்?" என்றேன், வீங்கிய வாயால்.

"நீர் இண்டைக்குச் சொன்னது போதும்" என்றார்.

வாசலில் அக்கா நின்றாள். முதலில் அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள், ஏதாவது குறைகிறதா என்று. பிறகுதான் என் கன்னம் கண்ணில் பட்டது. "என்னடா ஆச்சு?"

நான் வாயைத் திறந்தேன். தாடை திறக்கவில்லை. எங்கள் வீட்டில் அதுவரை நடந்திராத ஒன்று அப்போது நடந்தது: நடந்ததைச் சொல்ல அத்தான் ஒருவர்தான் மிஞ்சினார்.

"பந்து கையிலை பட்டது. விசில் ஊதினேன். இனி என்னைச் சயாமுக்கு அனுப்ப மாட்டினம். இவருக்கு அறை விழுந்தது" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

"அப்படின்னா? யாரு கையில? எப்படிப் பட்டுச்சு? நீங்க எங்க நின்னீங்க?"

அத்தான் யோசித்தார். அவித்த மரவள்ளித் துண்டு ஒன்றைத் தட்டிலிருந்து எடுத்து, "இது பந்தெண்டு வையும்" என்றார். எழுந்து நின்றார். மூலையிலிருந்து கிழங்கு வந்தது. அதிகாரி எழும்பினார், நான் திடலில் பார்த்ததைவிட ஒரு முழம் உயரமாகவே எழும்பினார். அத்தான் கையை நீட்டி நின்ற காட்சியில் அத்தான் அசையவில்லை, ஆனால் அதிகாரி ஓடி வந்தார். நடந்துதான் வந்தார் என்று சொல்ல நினைத்தேன், தாடை விடவில்லை. அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். மூன்று மொழியில் கேள்வி வந்ததும், தான் கையையும் கண்ணையும் காட்டியதும் கதையில் வந்தபோது அத்தானின் ஒட்டுப் போட்ட சட்டை வெளியே வந்து, தலைமயிர் கலைந்து போயிருந்தது.

"அப்புறம் இவனை அறைஞ்சாரா? எத்தனை?"

"நாலு" என்றார் அத்தான். "இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு."

நான் அவசரமாக இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினேன்.

"நீர் பேசாமல் இரும், ஐசே. நீர் கண்ணை மூடிக்கொண்டெல்லோ நிண்டனீர். பக்கத்திலை நிண்டு பார்த்தது நான்."

அக்கா என் விரலைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள். "பாவம், நாலு அறை!" என்று என் கன்னத்துக்கு ஒத்தடம் கொடுக்கத் துணி நனைக்கப் போனாள். அத்தான் கையிலிருந்த பந்தை வாயில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது நாலுதான். நானும் பல காலமாக நாலு என்றே சொல்லி வருகிறேன். சில சமயம் குளிர்ந்த தண்ணீர் முகத்தில் படும்போது, மூன்றாவதும் நாலாவதும் எந்தக் கன்னத்தில் விழுந்தன என்று கூட எனக்குத் தெளிவாக ஞாபகம் வருகிறது.